தின் கிளையண்ட் ஷட்டவுன் பண்ணுனா மறுநாள் நெட்வேர்க் பூட் ஆகல, ஒவ்வொரு நாளும் வேற வேற மெஷின்

கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 7, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் தோட்டத்து ஸ்கூல் ஒண்ணுல ஐ.சி.டி. படிச்சு குடுக்குறேன். லேப்ல 18 தின் கிளையண்ட் (சேர்வர நம்பி ஓடுற சின்ன கம்பியூட்டர்) இருக்கு, வெளிநாட்டுல இருக்குற பழைய மாணவர் ஒருத்தரு அனுப்புன செகண்ட்ஹேண்ட் சாமான், ரெண்டு மூணு மாடல் கலந்து கெடக்கு. எதுலயும் ஹார்ட் டிஸ்க் இல்ல. சேர்வர்ல உபுண்டு, எல்.டி.எஸ்.பி. (ஒரு சேர்வர்ல இருந்தே எல்லா மெஷினயும் ஓட்டுற சொஃப்ட்வேர்) போட்டிருக்கேன், எல்லாமே நெட்வேர்க் வழியா தான் பூட் ஆகுது.

பிரச்சினை என்னான்னா பகல்ல நல்லா ஓடுது, ரீஸ்டார்ட் எத்தன தடவ குடுத்தாலும் எந்திரிக்குது, ஆனா ஒண்ணரைக்கு ஸ்கூல் விடுறப்ப புள்ளைங்க மெனுல போயி ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டு போனா மறுநாள் காலையில ஆறேழு மெஷின் வர மாட்டேங்குது. பி.எக்ஸ்.ஈ. (நெட்வேர்க் வழியா பூட் பண்ற கோட்) ஈ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், கேபிள பாருன்னு காட்டிட்டு நிக்கும். கேபிள் நல்லா தான் இருக்கு. கரண்ட் ப்ளக்க புடுங்கி பத்து பதினஞ்சு செக்கன் விட்டு திருப்பி குத்துனா ஒண்ணுமே நடக்காத மாதிரி பூட் ஆகிரும்.

சரி அது பரவால்லன்னு பாத்தா, இன்னொரு நாள் அந்த மெஷினெல்லாம் சொன்ன பேச்சு கேட்டு எந்திரிக்கும், வேற மூணு நாலு மெஷின் படுத்துரும். அதுல எரரும் வேற, பூட் பண்ண டிவைஸே இல்லங்குது. அதுக்கு ப்ளக்க புடுங்குனாலும் ஆகாது, பயோஸுக்குள்ள (மெஷின் ஒன் ஆனதும் வர்ற செட்டிங்ஸ்) போயி நெட்வேர்க் பூட்ட திருப்பி ஒன் பண்ணனும். 9ஆம் நம்பர் தான் உச்சம். காலையில ஈ61 காட்டும், சரின்னு ப்ளக்க புடுங்கி குத்துனா ஈ61 போயிரும், ஆனா இப்ப பூட் டிவைஸ் இல்லங்கும். புள்ளைங்க அதுக்கு மோகினின்னு பேரு வெச்சிருக்குங்க.

மழ பேஞ்சா தான் இப்படி மாறுதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நம்ம ஊரு ஈரம் தெரியும்ல, செவத்துல கை வெச்சா தண்ணி. 40 நிமிஷ பாடத்துல 15 நிமிஷம் மேசைக்கு கீழ தவழ்ந்து ப்ளக் புடுங்குறதுலயே போகுது. யாராச்சும் வழி சொல்லுங்க.


வடக்குக்காற்று | ஒக்டோபர் 7, இரவு 9.05

ஈ61 எண்டால் நெட்வேர்க் போர்ட்டில லிங்க் இல்லை எண்டு அர்த்தம், அவ்வளவுதான். முதல் கேபிளை மாத்திப் பாருங்கோ. நான் இங்க யாழ்ப்பாணத்தில ஒரு டியூட்டரி லேப் செய்யேக்க இதே எரர் வந்து மூண்டு நாள் மண்டையை உடைச்சு, கடைசியில பாத்தால் பிளாஸ்டிக் கிளிப் உடைஞ்ச வயர், ஆரோ மேசையைத் தள்ளேக்க வெளியால வந்திருக்கு. ஈரம் எண்டு சொல்லுறியள், பின்னில பச்சை பூத்திருக்கோ எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ.


மினிபஸ் | ஒக்டோபர் 7, இரவு 9.11

9ஆம் நம்பருக்கு எலுமிச்சம்பழம் ஒண்ணு கட்டுங்க சேர், மத்ததெல்லாம் அதப் பாத்து திருந்தும்


பெக்டரி_ஐடி | ஒக்டோபர் 7, இரவு 9.48

சேர், நான் தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலை பெக்டரி ஒஃபிஸ்ல இருக்கேன். எரர் நம்பர ஒழுங்கா படிச்சாலே பாதி வேல முடிஞ்சிரும், அதனால மொதல்ல அத சொல்லிர்றேன். ஈ61 வடக்குக்காற்று சொன்ன மாதிரி வயருல உயிர் இல்லங்குறது. ஈ51 வந்தா வயர் சரி ஆனா ஐ.பி. (நெட்வேர்க் அட்ரஸ்) குடுக்க யாருமே பதில் சொல்லல. ஈ53 வந்தா ஐ.பி. கெடைச்சிருச்சு, ஆனா எந்த ஃபைல எடுத்து பூட் பண்றதுன்னு யாரும் சொல்லல. ஈ32ன்னா ஃபைல் பேரும் தெரியும், ஃபைல் அனுப்புற டி.எஃப்.டி.பி. கிட்ட கேட்டா பதில் இல்ல. படி படியா ஏறுற மாதிரி. உங்க ஆளு மொதப் படியிலயே விழுறாரு, அதனால சேர்வர், ஐ.பி. குடுக்குற டி.எச்.சி.பி. எதையும் இப்ப நோண்டாதீங்க.

எங்க ஒஃபிஸ்ல வந்தது வேற கத. மேனேஜ்டு சுவிட்ச் (செட்டிங்ஸ் மாத்தக்கூடிய நெட்வேர்க் சுவிட்ச்) ஒண்ணு போட்டாங்க, அதுல ஸ்பானிங் ட்ரீ (வயர் வளையமாகி நெட்வேர்க் கொழம்பாம பாத்துக்குற வசதி) ஒன்ல இருந்துச்சு. போர்ட்ல லிங்க் வந்த ஒடன அது டேட்டாவ விடாது, 15 செக்கன் கேட்டுட்டு இருக்கும், இன்னொரு 15 செக்கன் படிச்சிட்டு இருக்கும், மொத்தம் அர நிமிஷம். பி.எக்ஸ்.ஈ. முறைப்படி 4, 8, 16, 32 செக்கன்னு நாலு தடவ காத்திருக்கணும், ஆனா சில பழைய பயோஸ் அதுக்குள்ளயே கைய விரிச்சிருது. அந்த அர நிமிஷத்த தாண்டி விடுற போர்ட்ஃபாஸ்ட் செட்டிங்க ஒன் பண்ணுன பொறகு சரியாச்சு. ஆனா எங்களுக்கு வந்தது ஈ51, உங்களுக்கு ஈ61, அதனால இது உங்களுக்கு ஆகாது, பின்னாடி யாராச்சும் தேடி வந்தா உதவும்னு எழுதுறேன்.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 7, இரவு 10.20

எங்களுது கடையில வாங்குன சாதா 24 போர்ட் சுவிட்ச் தான் அண்ணே, செட்டிங்ஸ்னு ஒண்ணும் கெடையாது. கேபிள 3ஆம் நம்பருக்கும் 4ஆம் நம்பருக்கும் மாத்தி போட்டு பாத்துட்டேன், 3 தான் படுக்குது, அதே கேபிள்ல 4 நல்லா வருது.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன், ஈ61 வர்ற நேரம் சுவிட்ச்ல அந்த போர்ட்டோட லைட்டும் எரியல. மெஷின் ஒன்ல தான் இருக்கு, ஸ்கிரீன் வருது, ஆனா நெட்வேர்க் லைட் செத்துப் போயி கெடக்கு.


பதுளைப்பையன் | ஒக்டோபர் 8, காலை 6.55

வேக் ஒன் லேன் (ஓஃப்ல இருக்குற மெஷின நெட்வேர்க் வழியா எழுப்புற வசதி) தான் கொழப்பும், பயோஸ்ல போயி அத ஓஃப் பண்ணிருங்க அண்ணே. ஆஃப்ல இருக்குற கார்டுக்கு எதுக்கு கரண்ட். நான் பஸ்ஸுல இருந்து எழுதுறேன், எல்ல தாண்டுனா சிக்னல் போயிரும், சாயந்தரம் பாக்குறேன்.


லினக்ஸ்அக்கா | ஒக்டோபர் 8, காலை 10.30

தம்பி கொழுந்துக்கூடை, பயோஸ்ல இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க, பதுளைத் தம்பி சொன்னதையும் தான். நான் கண்டில எல்.டி.எஸ்.பி. லேப் மூணு நாலு பாத்துக்கிட்டு இருக்கேன், இது 1999ல ஆரம்பிச்ச ப்ரொஜெக்ட், 2019ல முழுசா புதுசா எழுதுனாங்க, பழைய முறையிலயும் புதிய முறையிலயும் ரெண்டுலயும் இந்த கூத்த பாத்திருக்கேன். நீங்க சொல்றத பாத்தா ஒரே நோய் மாதிரி எனக்கு தெரியல. மூணு கேள்வி.

புள்ளைங்க யாராச்சும் மெனுல போகாம பவர் பட்டன அமுக்கிப் புடிச்சே ஓஃப் பண்றது உண்டா? அப்படி ஓஃப் பண்ணுன மெஷின் மறுநாள் எப்படி இருக்கு?

ஷட்டவுன் ஆன பொறகு, அதாவது மெஷின் ஓஃப்ல இருக்குறப்ப, சுவிட்ச்ல அந்த போர்ட் லைட் எரியுதா அணையுதா? நல்லா இருக்குற மெஷினுக்கும் படுக்குற மெஷினுக்கும் ரெண்டுக்கும் பாருங்க.

ராத்திரில லேப் கரண்ட யாராச்சும் மொத்தமா நிப்பாட்டுறாங்களா?

மூணாவது தான் முக்கியம். ஒரு சி.ஆர். கொப்பி எடுத்து ஒரு வாரத்துக்கு எழுதுங்க, எந்த நம்பர், என்ன எரர், முந்துன நாள் சாயந்தரம் என்ன நடந்துச்சு. மழை, மின்னல், லீவு எல்லாத்தையும்.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 8, பிற்பகல் 2.15

அக்கா மொத கேள்விக்கு இப்பவே பதில் சொல்லலாம், 10ஆம் வகுப்புல ஒருத்தன் இருக்கான், மெனு கினு ஒண்ணும் கெடையாது, பட்டன அமுக்கிப் புடிச்சு அணைச்சிட்டு ஓடிருவான், பஸ்ஸு புடிக்கணும். நானும் எத்தனையோ நாள் திட்டியிருக்கேன். நீங்க கேட்டப்புறம் தான் யோசிச்சு பாத்தேன், அவன் அணைச்ச மெஷின் மறுநாள் காலையில ஒரு நாளும் ஈ61 காட்டுனதா ஞாபகம் இல்ல. நல்ல புள்ளையா ஷட்டவுன் பண்ணுனது தான் எந்திரிக்க மாட்டேங்குது.

லைட்டும் பாத்தேன். 1ஆம் நம்பர ஷட்டவுன் பண்ணேன், லைட் ஒரு செக்கன் அணைஞ்சு திருப்பி எரிஞ்சிச்சு, கலர் மட்டும் மாறிருச்சு. 2ஆம் நம்பர ஷட்டவுன் பண்ணேன், லைட் அணைஞ்சது அணைஞ்சது தான்.

கரண்ட யாரு நிப்பாட்டுறாங்கன்னு வாட்சர் அண்ணன கேக்கணும். கொப்பி இன்னைக்கே போட்டாச்சு.


பெக்டரி_ஐடி | ஒக்டோபர் 8, இரவு 7.30

அடடா, அக்கா எங்க போறாங்கன்னு தெரியுது. லைட் கலர் மாறுனதுக்கு காரணம், ஓஃப் ஆன பொறகு கார்டு ஸ்பீட கொறைச்சிக்கிட்டு 10லயோ 100லயோ முழிச்சிருக்கும், கிகாபிட்ல இருக்காது. 2ஆம் நம்பர் முழிச்சே இல்ல.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 14, இரவு 9.00

ஒரு வாரம் எழுதியாச்சு, கொப்பியில இருக்குறத அப்படியே போடுறேன்.

8 புதன். முந்துன நாள் சாயந்தரம் வானம் தெளிவு. 2, 3, 5, 9, 11, 12, 16 ஈ61. ப்ளக் புடுங்கி குத்துனதும் 9 தவிர எல்லாம் சரி. 9 வழக்கம் போல பூட் டிவைஸ் இல்ல, பயோஸ்ல சரி பண்ணேன்.

9 வியாழன். முந்துன நாள் மூணு மணிக்கே இடி மின்னல், பயங்கர மழை. காலையில ஒரு ஈ61 கூட இல்ல. 6, 9, 13 பூட் டிவைஸ் இல்ல. 13ல எஃப்1 அமுக்குன்னும் கேட்டுச்சு.

10 வெள்ளி. முந்துன நாள் பூரா தூறலும் பனியும், இடி இல்ல. 2, 3, 5, 9, 11, 12, 16 ஈ61. இதோட 14ம் ஈ61, ஆனா 14 ப்ளக் புடுங்கியும் வரல, நெட்வேர்க் வயர கொஞ்சம் அமுக்குனேன் வந்துருச்சு.

13 திங்கள். சனி ஞாயிறு லீவு. ஈ61 இல்ல. 6, 9, 13, 17 பூட் டிவைஸ் இல்ல.

14 செவ்வாய், அதாவது இன்னைக்கு. நேத்து இடி இல்ல. 2, 3, 5, 9, 12, 16 ஈ61. 11 மட்டும் நல்லா வந்துச்சு, விசாரிச்சா நேத்து 11ல ஒக்காந்தது நம்ம பஸ் புடிக்கிற ஆளு.

இப்ப முக்கியமான சங்கதி. வாட்சர் அண்ணன்கிட்ட கேட்டேன், "இடி இடிச்சா மெயின இறக்கிருவேன் சேர், வெள்ளிக்கெழம பூட்டுறப்பவும் இறக்கிருவேன், காலையில ஆறரைக்கு ஏத்தி விடுவேன், பெரிய சேர் தானே சொன்னாரு"ங்குறாரு. ரெண்டு வருஷமா அவரு அப்படித்தான் செய்றாராம், எனக்கு தான் தெரியல. நான் மழைய சந்தேகப்பட்டேன், இது இடிக்கு தான் மாறுது!


லினக்ஸ்அக்கா | ஒக்டோபர் 14, இரவு 10.10

கொப்பி போட்டதுக்கு கைய குடுங்க தம்பி. வெள்ளிக்கெழம எழுதுனது தான் முடிச்ச அவுத்துச்சு, நாள் பூரா ஈரம் ஆனா இடி இல்ல, அன்னைக்கு ஈ61 கோஷ்டி தான் படுத்துருக்கு. ஈரம் குத்தவாளி இல்ல.

உங்ககிட்ட ரெண்டு நோய் இருக்கு, ஒண்ணுக்கு மருந்தா இருக்குறது மத்ததுக்கு விஷம், அதான் இவ்ளோ நாள் கண்ணாமூச்சி.

மொத நோய் 2, 3, 5, 9, 11, 12, 16. மெஷின ஓஃப் பண்ணுனாலும் ப்ளக் குத்தியிருக்குற வரைக்கும் பவர் சப்ளையில இருந்து 5 வோல்ட் ஸ்டேண்ட்பை கரண்ட் ஒண்ணு போர்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். நெட்வேர்க் சிப் அதுல தான் அரத் தூக்கத்துல இருக்கும். லினக்ஸ் ஷட்டவுன் ஆகுறப்ப அந்த சிப்போட டிரைவர் என்ன பாக்குதுன்னா, வேக் ஒன் லேன் யாராச்சும் கேட்டிருக்காங்களா, கேக்கலன்னா நீ எதுக்கு முழிச்சிருக்க, தூங்குன்னு சொல்லி லிங்க ஓட்டுற பகுதிய மொத்தமா அணைச்சிருது. காலையில நீங்க பட்டன அமுக்குறப்ப மொதல்ல ஓடுறது பி.எக்ஸ்.ஈ. கோட், அது சின்னது, பழசு, தூங்குற சிப்ப எழுப்ப அதுக்கு தெரியாது. போயி பாக்குது, லிங்க் இல்ல, ஈ61. லினக்ஸ் உள்ள வந்தா எழுப்பிரும், ஆனா லினக்ஸ் வர்றதே இந்த வயர் வழியா தானே.

ப்ளக்க புடுங்குனா ஸ்டேண்ட்பை போகுது, சிப் புதுசா பொறந்த மாதிரி வருது. ரீஸ்டார்ட்ல டிரைவர் தூங்க வைக்காது, பவர் ஓஃப்ல மட்டும் தான் வைக்கும், அதனால ரீஸ்டார்ட் எப்பவும் வேல செய்யுது. பட்டன அமுக்கிப் புடிச்சா லினக்ஸுக்கு தூங்க வைக்கவே நேரம் இல்ல. அந்த 10ஆம் வகுப்பு தம்பிய இனிமே திட்டாதீங்க, அவன் தான் உங்க ஆராய்ச்சி உதவியாளர். வாட்சர் அண்ணன் மெயின இறக்குறது 18 ப்ளக்கையும் ஒரே நேரத்துல புடுங்குற மாதிரி, அதனால இடி நாளுக்கு மறுநாள் ஏழும் சொஸ்தம்.

ரெண்டாவது நோய் 6, 9, 13, 17. போர்டுல இருக்குற காசு சைஸ் பெட்டரி செத்துருச்சு. கரண்ட் இருக்குற வரைக்கும் ஸ்டேண்ட்பையே பயோஸ் செட்டிங்ஸ தாங்கிப் புடிச்சிருக்கும். மெயின் இறங்குன ஒடன பெட்டரி தான் தாங்கணும், அதுக்கு தெம்பு இல்ல, செட்டிங்ஸ் எல்லாம் பெக்டரி நெலமைக்கு, அதாவது போர்டு செஞ்சப்ப இருந்த மாதிரி போயிருது. உங்க பழைய போர்டுகள்ல அந்த நெலமையில நெட்வேர்க் பூட் ஓஃப், உள்ள டிஸ்க்கும் இல்ல, அதான் பூட் டிவைஸ் இல்லங்குது. 13 எஃப்1 கேக்குறதும் அதுக்கு தான். 17 ஒரு ராத்திரிய தாங்குது, சனி ஞாயிற தாங்கல, சாகப் போற பெட்டரி.

9க்கு ரெண்டு நோயும். மோகினியும் இல்ல ஒண்ணும் இல்ல, பாவம்.


மினிபஸ் | ஒக்டோபர் 14, இரவு 10.14

அப்ப எலுமிச்சம்பழம் வேணாமா


பதுளைப்பையன் | ஒக்டோபர் 15, காலை 7.02

அக்கா ஒரு டவுட், அப்ப நான் சொன்ன மாதிரி வேக் ஒன் லேன ஓஃப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்?


லினக்ஸ்அக்கா | ஒக்டோபர் 15, காலை 9.20

ஒழுங்கா வர்ற மெஷினுங்க கூட படுத்திருக்கலாம் தம்பி. கோவிச்சுக்காதீங்க, எல்லாரும் மொதல்ல அத தான் சொல்வாங்க, நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன், ஆஃப்ல இருக்குறவன எதுக்கு முழிச்சிருக்க சொல்லணும்னு தானே தோணும். இங்க அது தலகீழ், முழிச்சிரு, நாளைக்கு உன்ன எழுப்புவேன்னு சொன்னா தான் டிரைவர் சிப்ப தூங்க வைக்காது.

கொழுந்துக்கூடை, செய்ய வேண்டியது இது. சரியில்லாத மெஷின் ஒண்ணுல லொகின் ஆகி நெட்வேர்க் கார்ட பாக்குற எத்டூல் கமாண்ட உங்க கார்டோட பேருக்கு (ஈத்0 மாதிரி இருக்கும்) ஓட்டுங்க, கடைசியில வேக் ஒன்னுன்னு ஒரு வரி வரும். அதுல 'டி'ன்னு இருந்தா ஓஃப்னு அர்த்தம், 'ஜி'ன்னு இருந்தா மேஜிக் பேக்கட் (எழுப்புறதுக்குன்னே அனுப்புற நெட்வேர்க் செய்தி) வந்தா எழும்பும்னு அர்த்தம். மேல சப்போர்ட்னு போட்டிருக்குற வரியில ஜி எழுத்து இருக்கான்னும் பாத்துக்குங்க. இருந்தா கையால ஒரு தடவ ஜி ஆக்கி ஷட்டவுன் பண்ணி சுவிட்ச் லைட்ட பாருங்க. எரிஞ்சா மருந்து புடிச்சிருச்சு.

ஆனா இது ரீபூட்டோட போயிரும், ஒவ்வொரு பூட்லயும் அந்த வரி ஓடணும். எல்.டி.எஸ்.பி. கொன்ஃப் ஃபைல்ல (செட்டிங்ஸ் எழுதுற ஃபைல்) அந்தந்த மெஷினோட மேக் அட்ரஸ (நெட்வேர்க் கார்டோட தனி நம்பர்) தலைப்பா போட்டு, அதுக்கு கீழ போஸ்ட் இனிட்னு ஆரம்பிக்கிற பெராமீட்டர் ஒண்ணுல அந்த எத்டூல் வரிய எழுதுங்க. எழுதிட்டு எல்.டி.எஸ்.பி. இனிட்ஆர்டி கமாண்ட கட்டாயம் ஓட்டுங்க, இல்லாட்டி கிளையண்டுக்கு புது ஃபைல் போகாது, பாதிப் பேரு இதுல தான் ஏமாந்து போறது. கிளையண்டெல்லாம் பூட் ஆகுற இமேஜ்ல எத்டூல் இல்லன்னா அத போட்டு இமேஜையும் திருப்பி எடுக்கணும்.

பெட்டரிக்கு சிக்கனம் பாக்காதீங்க.


பெக்டரி_ஐடி | ஒக்டோபர் 15, காலை 10.05

அக்கா சொன்னது சரி, ஆனா டிரைவர் கேக்காத கேஸ் இருந்தா இன்னொரு வழி இருக்கு, பயோஸ்ல ஈ.ஆர்.பி. இல்லாட்டி டீப் ஸ்லீப்னு ஒரு செட்டிங். ஐரோப்பால 2013ல இருந்து ஆஃப்ல இருக்குற சாமான் அரை வாட்டுக்கு மேல இழுக்க கூடாதுன்னு விதி, அதுக்காக வெச்சது. அத ஒன் பண்ணுனா ஓஃப் ஆன பொறகு நெட்வேர்க் சிப்புக்கு ஸ்டேண்ட்பை போகாது, தெனமும் ப்ளக் புடுங்குன மாதிரி. வேக் ஒன் லேன் வேல செய்யாது, அது உங்களுக்கு தேவையும் இல்ல.


லினக்ஸ்அக்கா | ஒக்டோபர் 15, காலை 10.22

அது பயோஸ் செட்டிங் அண்ணே, பெட்டரி செத்தா அதுவும் சேந்து போகும். 9ல அத வெச்சு பாத்தீங்கன்னா தெரியும். அதனால தான் நான் சேர்வர் பக்கமா வெக்க சொல்றேன், ஒரு எடத்துல எழுதுனா ஏழுக்கும் போகுது. பெட்டரி மாத்துன பொறகு ஈ.ஆர்.பி. வெச்சா தப்பில்ல.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 16, இரவு 8.15

எத்டூல்ல ஏழுலயும் 'டி'. மத்த பதினொண்ணுல 'ஜி'. அத பாத்தப்ப ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, சொல்லத் தெரியல, 2ஆம் நம்பர்ல கையால ஜி போட்டு ஷட்டவுன் பண்ணேன், லைட் அணைஞ்சு, ஒரு செக்கன், ரெண்டு செக்கன், எரிஞ்சிருச்சு. பட்டன அமுக்குனேன், நேரா பூட். புள்ளைங்க கைதட்டுச்சுங்க.

கொன்ஃப்ல ஏழு மேக் அட்ரஸும் எழுதி இனிட்ஆர்டி ஓட்டிட்டு எல்லாத்தையும் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணி, பொறகு ஷட்டவுன் பண்ணி ஒன் பண்ணேன், ஆறு வந்துச்சு, 11 மட்டும் ஈ61. ஒரு மணி நேரம் தேடுனேன். மேக்ல 'பி'ய 8னு எழுதியிருக்கேன், ஸ்டிக்கர்ல எழுத்து அழிஞ்சு ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. மெஷின்ல பூட் ஆகுறப்ப ஸ்கிரீன்லயே மேக் காட்டுதே, அத பாத்து எழுதியிருக்கணும்.

பெட்டரி டவுன்ல வாங்குனேன், மல்டிமீட்டர் ஒண்ணு பெக்டரியில எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட இரவல். புது பெட்டரி 3.2 வோல்ட் காட்டுது. 6ல இருந்தது 1.1, 9ல 0.7, 13ல 1.9, 17ல 2.4. மத்த பதினாலையும் அளந்து பாத்தேன், 4ம் 10ம் 2.6ல நிக்குது, அதுகளையும் மாத்திட்டேன், இல்லாட்டி நத்தார் லீவுல சாகும்.

வடக்குக்காற்று அண்ணே, 14 நீங்க சொன்ன கேஸ் தான். கிளிப் உடைஞ்சிருக்கு. ஆனா பச்சை பூக்கல.


வடக்குக்காற்று | ஒக்டோபர் 16, இரவு 8.31

18ல ஒண்டெண்டாலும் எனக்கு வந்ததே! புதுத் தலை அடிச்சு விடுங்கோ, டேப் சுத்தி விடாதேங்கோ.


பெக்டரி_ஐடி | ஒக்டோபர் 16, இரவு 9.10

சேர் வாட்சர் அண்ணன் மெயின இறக்குறத நிப்பாட்ட சொல்லாதீங்க, அவரு செய்றது நல்லது தான். ஒக்டோபர், நவம்பர்ல பின்னேரம் இடிக்கிற ஊரு நம்மளுது, ஏப்ரல்லயும் அப்படித்தான். ஆனா மெயின மட்டும் இறக்குனா போதாது. ஒஃபிஸ் பில்டிங்ல இருந்து லேபுக்கு நெட்வேர்க் வயர் வெளிய இழுத்திருக்கா? இருந்தா அத கழட்டி விடணும். எங்க பெக்டரியில மின்னல் வந்தது கரண்ட் வழியா இல்ல, பங்களாவுல இருந்து வந்த செம்பு வயர் வழியா, சுவிட்ச்ல எட்டு போர்ட் காலி. இப்ப அந்த எடத்துக்கு ஃபைபர் போட்டிருக்கோம், கண்ணாடியில மின்னல் ஓடாது.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 16, இரவு 9.25

ஐயோ இருக்கு அண்ணே, அம்பது மீட்டர், மரத்துக்கு நடுவால. ஒஃபிஸ்ல இருக்குற 4ஜி ரௌட்டர்ல இருந்து வருது. நாளைக்கே வாட்சர் அண்ணனுக்கு காட்டி குடுக்குறேன்.


லினக்ஸ்அக்கா | ஒக்டோபர் 16, இரவு 9.50

அந்த ரௌட்டர் டி.எச்.சி.பி. குடுக்குதா? குடுத்தா அப்படியே விடுங்க, எல்.டி.எஸ்.பி.ல டி.என்.எஸ். மாஸ்க் (சேர்வர்ல ஓடுற சின்ன டி.எச்.சி.பி. சொஃப்ட்வேர்) ப்ரொக்ஸி முறையில இருந்தா ஐ.பி.ய ரௌட்டர் குடுக்கும், பூட் ஃபைல் பேர மட்டும் நம்ம சேர்வர் சொல்லும், சண்ட வராது. ஆனா வாட்சர் அண்ணன் அந்த வயர கழட்டிட்டு காலையில குத்த மறந்தா ஐ.பி. குடுக்க ஆளில்லாம 18ம் ஈ52ல நிக்கும், அப்ப திருப்பி வந்து புது இழை ஆரம்பிக்காதீங்க.

இன்னொண்ணு. கரண்ட் வந்தா தானா ஒன் ஆகுற செட்டிங் பயோஸ்ல இருக்கும், கிளையண்ட்ல எல்லாம் அத ஓஃப்ல வைங்க. 2022ல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டுன காலத்துல பட்ட பாடு இது, கரண்ட் வந்த ஒடன மெஷினெல்லாம் சேர்வருக்கு முந்தி எந்திரிச்சு கத்திட்டு நின்னுச்சு. சேர்வர் எழும்பி ரெண்டு நிமிஷம் ஆன பொறகு தான் கிளையண்ட்.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 21, மாலை 6.40

தீபாவளிக்கு லீவு விட்டு இன்னைக்கு தான் ஸ்கூல். வெள்ளிக்கெழம மெயின் இறக்குனது, நாலு ராத்திரி. காலையில வாட்சர் அண்ணன் மெயின ஏத்தி ஒஃபிஸ் வயரையும் குத்திட்டாரு, நான் சேர்வர ஒன் பண்ணி ரெண்டு நிமிஷம் விட்டு புள்ளைங்கள பட்டன அமுக்க சொன்னேன். 18ம் வந்துச்சு. மோகினி உட்பட.

மெயின் இறக்காத நாள் தான் இனி பாக்கணும். வெள்ளிக்கெழம காலையில பாத்தப்ப வந்துச்சு, அது ஒரு நாள் தானே, இந்த வாரம் பூரா பாத்துட்டு எழுதுறேன். கொப்பி தொடருது, இப்ப அதுல ஒரு பக்கம் வாட்சர் அண்ணன் எழுதுறாரு, இடி, மெயின் இறக்கம், 3.20, ஒஃபிஸ் வயர் கழட்டியாச்சுன்னு, என் எழுத்த விட அவரு எழுத்து அழகா இருக்கு.


பதுளைப்பையன் | ஒக்டோபர் 24, இரவு 7.45

அண்ணே என்ன ஆச்சு? எங்க பக்கம் ஒரு சனசமூக நிலையத்துல இதே மாதிரி ஆறு மெஷின் கெடக்கு, நாளைக்கு போயி பாக்கப் போறேன்.


கொழுந்துக்கூடை | ஒக்டோபர் 24, இரவு 8.20

புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் சுத்தம் தம்பி. வியாழன் மட்டும் 5 வரல, போயி பாத்தா மானிட்டர் ப்ளக் கழண்டிருந்துச்சு.

நீங்க போறப்ப மல்டிமீட்டர் கொண்டு போங்க, ஷட்டவுன் பண்ணிட்டு மொதல்ல சுவிட்ச் லைட்ட பாருங்க. பெட்டரி சி.ஆர். 2032 தான் அநேகமா, ஆனா கழட்டி நம்பர பாத்துட்டு வாங்குங்க, என்கிட்ட ஒரு மாடல்ல வயர் வெச்சு சின்ன பிளக்கோட வந்துச்சு, அதுக்கு டவுன் பூரா அலைஞ்சேன்.